அரியர் பணம் வந்த வருஷம்

என் தங்கச்சிக்கு இலை கழுவுகிற வேலை. சொன்னால் யாரும் சட்டென்று நம்புவதில்லை. சாப்பிடுகிற இலை இல்லை. மரத்தில் இருக்கிற இலை, மரத்தில் இருக்கும்போதே. கீழப்பழுவூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையைச் சுற்றி வேம்பும் புங்கும் வரிசையாக வளர்த்திருக்கிறார்கள். லாரி போகப் போக, காற்று வீச வீச, மாவு மாதிரி ஒரு வெள்ளைப் பொடி வந்து அந்த இலைகளில் உட்காரும். தங்கச்சியும் அவளோடு ஒரு கூட்டம் பெண்களும் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு போய் மரம் மரமாக நின்று பீய்ச்ச வேண்டும். காலையில் பச்சையான மரம் சாயங்காலம் மறுபடி வெளுத்திருக்கும். மறுநாள் மறுபடி குழாய், மறுபடி தண்ணீர்.

"நரைச்ச மரத்துக்கு டை அடிக்கிற வேலைண்ணே" என்பாள்.

அவள் வேலைக்குப் போகிற டவுன் பஸ்ஸில் நான் கண்டக்டர். அரியலூருக்கும் கீழப்பழுவூருக்கும் நடுவே ஒரு நாளைக்கு எத்தனை நடை போகிறேன் என்று கணக்கு வைத்துக்கொள்வதை விட்டுவிட்டேன். நின்றுகொண்டே பிழைக்கிற உடம்பு இது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தாலும் கால் தரையை விட்டு ஆடிக்கொண்டிருக்கும்.

நாங்கள் குன்னத்துக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் ஊரார் காட்டில் மக்காச்சோளம் ஒடித்து, வெங்காயம் அறுத்து, பருத்தி எடுத்து எங்களை வளர்த்தார்கள். நான் பிளஸ் ஒன் போன வருஷம் அவள் எட்டாவது. மானாவாரிப் பருத்தி ஒரேயடியாக வெடித்த மாசம். சின்ன விரல் இருந்தால் பஞ்சு சுளுவாக வரும் என்று சொல்லி ஒரு வாரத்துக்கு அவளைக் காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அவளை யாரும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவில்லை. போகச் சொல்லவும் இல்லை. செடியில் பஞ்சு இருந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான். நான் பிளஸ் டூ முடித்தேன், லைசென்ஸ் எடுத்தேன், வேலை கிடைத்தது. ஒரே அடுப்பில் சோறு தின்ற இரண்டு பேரில் ஒருவன் சம்பளக்காரன், ஒருத்தி கூலிக்காரி.

அவள் இதைக் குறையாகச் சொன்னதே இல்லை. கிண்டலாகச் சொல்வாள்.

"உனக்கு மாசம் பொறந்தா சம்பளம். எனக்குப் பொழுது பொறந்தாத்தான் கூலி. மழை பேஞ்சா அதுவும் இல்ல."

கீழப்பழுவூருக்குக் கட்டிக்கொடுத்த பிறகு அவளுக்கு இந்த ஆலை வேலை வந்தது. ஆலை வேலை என்று சொன்னாலும் ஆலைக்காரர்கள் வேலை இல்லை. ஒரு காண்ட்ராக்டர் ஆள் வைத்து நடத்துகிற வேலை. ஆனாலும் பருத்திக் காட்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காட்டில் கூலி என்பது காட்டுக்காரர் வாயில் வருவது. இங்கே, இதற்குக் குறைந்து கொடுக்கக் கூடாது என்று சர்க்கார் எங்கோ எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைத்ததும் கைக்கு வந்ததும் ஒன்றாக இல்லாமல்தான் பல காலம் ஓடியது. ஒரு சமயம் சர்க்கார் அந்தக் குறைந்தபட்சக் கூலியை ஏற்றியது. காண்ட்ராக்டர் இன்னிக்கு நாளைக்கு என்று இழுத்தார். பெண்கள் ஒருநாள் காலை குழாயைக் கீழே போட்டுவிட்டு கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். இரண்டாம் ஷிப்ட் சங்கு ஊதும்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஏற்றிய கூலியும் வந்தது. இழுத்தடித்த மாதங்களுக்கான பாக்கியும் மொத்தமாக அவரவர் பேங்கில் வந்து விழுந்தது.

அரியர் என்றார்கள் அதை. அதுவரை அது என் வீட்டில் மட்டும் புழங்கிய வார்த்தை. எங்கள் டிப்போவில் சம்பள ஒப்பந்தம் போட்டால் அரியர் வரும். அதில்தான் என் வீட்டு பிரிட்ஜ் வந்தது. இப்போது அந்த வார்த்தை தலையில் துண்டு கட்டிய பெண்கள் வாயில், பஸ் முழுக்கச் சத்தமாக.

"எனக்கு மூக்குத்தி மூட்டணும், அடகுல கெடந்து கெடந்து மூக்கே தூந்துபோச்சு."

"நான் ஒரு வெள்ளாடு புடிக்கப்போறேன். குட்டியா வேணாம், சினையாவே."

"நீ என்னடி பண்ணப்போற?"

என் தங்கச்சி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "எங்க பாப்பா அஞ்சாவது முடிச்சிருச்சு. ஆறாவதுக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல போடப்போறேன். வேன்லாம் வருதுல்ல, அதுல."

ஆடு வாங்கப்போகிறவள் கையைத் தட்டினாள். "அடி ஆத்தி! மகள கலெக்டராக்கப்போறா!"

"கலெக்டர்லாம் வேணாம். இலை கழுவாம இருந்தா போதும்."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. என் மகன் அப்போது பெரம்பலூரில் அப்படி ஒரு பள்ளிக்கூடத்தில்தான் படித்துக்கொண்டிருந்தான். சம்பளம் என்று ஒன்று வந்தால் முதல் வேலையாகப் பிள்ளையை சர்க்கார் பள்ளியிலிருந்து எடுப்பது எங்கள் பக்கத்தில் ஒரு சடங்கு மாதிரி. காது குத்துவது போல, மொட்டை போடுவது போல. நான் என் பிள்ளைக்குச் செய்தேன். அவள் பிள்ளைக்குச் செய்ய அவளுக்கு இப்போது கை வந்திருக்கிறது. தாய்மாமன் முறைக்கு நான் ஷூ வாங்கிக் கொடுத்தேன். கறுப்பு ஷூ. மருமகள் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நடந்து காட்டினாள். ஆடு புதுச் செருப்பைப் பார்ப்பது போலக் குனிந்து குனிந்து தன் காலையே பார்த்தாள்.

அந்த வருஷம் மஞ்சள் வேன் அவர்கள் தெருமுனை வரை வந்தது. தங்கச்சி வேலைக்கு நேரமானாலும் வேன் கிளம்புகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் என் பஸ்ஸுக்கு ஓடி வருவாள். நான் விசில் கொடுக்காமல் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டு நிற்பேன்.

அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி என் பஸ்ஸில்தான் வருவாள். இருபத்தைந்து வயசு இருக்கும். பெரிய படிப்பு, பி.எட். வேறு. ஒருநாள் இடம் இல்லாமல் தங்கச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் பிள்ளைக்குப் பாடம் எடுக்கிறவள் என்று தெரிந்ததும் தங்கச்சி சேலையை ஒதுக்கி, முக்கால் சீட்டை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். பேச்சு எங்கெங்கோ போய்ச் சம்பளத்தில் வந்து நின்றது. டீச்சர்தான் கேட்டாள்.

"உங்களுக்கு எவ்ளோக்கா தராங்க?"

தங்கச்சி சொன்னாள். டீச்சர் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அப்புறம் சிரித்தாள். "உங்க ஆலையில ஆள் எடுப்பாங்களா, சொல்லுங்க, வந்துடறேன்."

"சும்மா வெளையாடாதீங்க டீச்சர்."

"நெசமாத்தான்க்கா. எங்களுக்குச் சட்டமும் கெடையாது, அரியரும் கெடையாது. லீவு மாசம் சம்பளமே கெடையாது."

அன்றைக்கு இறங்கும்போது தங்கச்சி என்னிடம் வந்து, ஏதோ ரகசியம் போலச் சொன்னாள். "அண்ணே, நான் கட்டுற பீஸு அந்தப் பொண்ணு கைக்குப் போகலண்ணே. அது வேற எங்கயோ போவுது."

பணம் எங்கே போகிறது என்று அதற்கு மேல் நாங்கள் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. வருஷம் முடிந்தபோது ஏழாவதுக்கு வேன் பீஸ், புத்தகப் பீஸ், இன்னும் என்னென்னவோ என்று சொல்லி அனுப்பினார்கள். ஏறின கூலி ஏறின இடத்திலேயே இருந்தது. அரிசியும் எண்ணெயும் அதைத் தாண்டிப் போய்விட்டன. அரியரோ வந்த சுவடு தெரியாமல் கரைந்திருந்தது. மாப்பிள்ளை சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். அந்த வருஷம் நடைக்கு இவ்வளவு என்று பேசினதில் பாதி நடைதான் கிடைத்தது. என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவள் கேட்கவில்லை.

"வருசா வருசம் உன் வாசல்ல வந்து நிக்கவா? ஒரு தடவ வந்த காசுக்கு ஒரு வருசம் படிச்சா. போதும்."

மருமகள் உள்ளூர் சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள். அங்கிருந்த தலைமையாசிரியை அம்மா எதுவும் கேட்கவில்லை. "வா கண்ணு, உன் எடம் அப்படியேதான் இருக்கு" என்றாராம். பெஞ்சில் அவளோடு ஐந்தாவது வரை படித்த பிள்ளைகள் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். ஷூ கொஞ்ச நாள் வாசலில் கிடந்தது. பிறகு பொருந்தாமல் போனது. பிள்ளைகளின் கால் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

அரியரில் ஆடு வாங்கினவள் கதை வேறு மாதிரி போனது. அவள் ஆடு குட்டி போட்டது, குட்டி குட்டி போட்டது. கட்ட இடமில்லாமல் இரண்டு பெட்டையை என் தங்கச்சியிடம் வாரத்துக்கு விட்டாள். எங்கள் பக்கம் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு: ஆடு அவளுடையது, மேய்ப்பு இவளுடையது, பிறக்கிற குட்டியில் ஆளுக்குப் பாதி. அந்த ஆட்டுக்குப் பின்னால்தான் என் மருமகள் போனாள். முள்ளுக்காட்டில் ஆடு மேயும், இவள் கல்லில் உட்கார்ந்து படிப்பாள். குட்டி திரும்பிக் கிடந்த ஒரு பிரசவத்துக்கு சர்க்கார் கால்நடை டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார். கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, குட்டியின் காலைத் தேடித் திருப்பி வெளியே எடுத்தார். மருமகள் தாய் ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒன்பதாவது. அன்றைக்கு முடிவு பண்ணிவிட்டாள், தானும் அதுதான் என்று. மாமா, அவங்க கண்ண மூடிக்கிட்டுப் பாக்குறாங்க மாமா என்று என்னிடம் சொன்னபோது அவள் குரல் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் அவளுக்கு அப்போதே பேர் வைத்துவிட்டார்கள். ஏறினால் "டாக்டரம்மாவுக்கு எடம் வுடுங்கடி." இறங்கினால் "டாக்டரம்மா பாத்து எறங்குங்க." அவள் வெட்கப்பட்டு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு டாக்டர் படிப்பில், பின்னால் கால்நடை, விவசாயப் படிப்பிலெல்லாம் தனியாக இடம் ஒதுக்கிச் சட்டம் வந்தது அந்த நாட்களில்தான். பேப்பரில் வந்ததை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று நான்தான் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். யாரை என்று எனக்குத் தெரியவில்லை, பேப்பரைத்தான் போலிருந்தது.

"நல்லவேளைண்ணே. அந்த வேன் பள்ளிக்கூடத்துலயே வுட்டுருந்தா என்ன ஆயிருக்கும்? கையில காசு இல்லாம திரும்பக் கொண்டாந்து போட்டதும் நல்லதுக்குத்தான்."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக வாழ்ந்தோம். இலை கழுவிவிட்டு ஈரச் சேலையோடு ஏறுவாள். களைப்பாக இருக்கும். மகள் பேச்சை எடுத்தால் முகம் கழுவின இலை மாதிரி ஆகிவிடும்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. பள்ளியில் அவள்தான் இரண்டாவது. பயாலஜி எடுக்கிற சார் எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். நானும் தங்கச்சியும் போயிருந்தோம். சார் மார்க்கைக் கூட்டிப் பார்த்தார், போன வருஷம் எந்த மார்க் வரைக்கும் எடுத்தார்கள் என்று போனில் பார்த்தார், நிமிர்ந்தார்.

"பொதுவுல கொஞ்சம் கஷ்டம்மா. ஆனா கவர்ன்மென்ட் ஸ்கூல் கோட்டாவுல உங்க பொண்ணுக்கு வெட்னரி நிச்சயம். துணிமணி எடுத்து வையுங்க." சொல்லிவிட்டு, கேட்க வேண்டுமே என்பதற்காகக் கேட்டார். "ஆறாவதுலேருந்து நம்ம ஸ்கூல்தானே பாப்பா?"

மருமகள் மிட்டாய்த் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "ஏழாவதுலேருந்து சார். ஆறாவது மட்டும் வேன் ஸ்கூல்."

சார் போனை மேஜையில் வைத்தார். கவிழ்த்து வைத்தார். அந்தக் கவிழ்த்தலில் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை, எல்லா வருஷமும் சர்க்கார் பள்ளி. அதுதான் விதி. அவள் ஆறாவது சேர்ந்தபோது அந்த விதியே பிறக்கவில்லை. பின்னால் போட்ட ஒரு கோட்டை வைத்து, அதற்கு முன்னால் நடந்துபோன காலையும் அளக்கிறார்கள்.

நான் லீவு போட்டேன். ஆபீஸ் ஆபீஸாகப் போனோம். கடைசியாகப் போன இடத்தில் நடுவயது அதிகாரி ஒருவர், நல்ல மனுஷர், உட்காரச் சொல்லிவிட்டு முழுதும் கேட்டார். விரட்டியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம்.

"அம்மா, அந்த ஆறாவது இலவச சீட்டுல படிச்சுதா? ஆர்.டி.ஈ.ல? ஏழைப் புள்ளைங்களுக்குத் தனியார் பள்ளியில சர்க்காரே பீஸு கட்டுமே, அது? அதுல படிச்சு அப்புறம் கவர்ன்மென்ட் ஸ்கூலுக்கு வந்திருந்தா எடுத்துக்க வழி இருக்கு."

"இல்ல சார். நான்தான் கட்டுனேன்."

"காசு கட்டியா?"

"ஆமா சார். அரியர் வந்துச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "காசு கட்டிச் சேத்தா, வசதியுள்ளவங்கன்னுதாம்மா கணக்கு."

தங்கச்சி எழுந்து நின்றாள். சத்தம் போடவில்லை. இலை கழுவும்போது உயரக் கிளைக்கு அண்ணாந்து பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"அப்ப அந்த ஒரு வருசம் நான் பணக்காரி. அப்படித்தானே சார்? தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா ஒரு நல்ல சேலையாவது எடுத்துக் கட்டியிருப்பேன்."

பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அதிகாரி, என்னால் ஆகாதும்மா, எனக்கு மேலே இருப்பவர்களாலும் ஆகாது என்றார். வெளியே வரும்போது தங்கச்சியே அவரிடம், "நீங்க என்ன சார் பண்ணுவீங்க, வுடுங்க" என்று சமாதானம் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் என் தலைக்குள் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. கூலியை ஏற்றினார்கள், நல்லது. சர்க்கார் பள்ளிப் பிள்ளைக்கு இடம் ஒதுக்கினார்கள். அதுவும் நல்லது, கேட்டாலே கண் கலங்குகிற அளவுக்கு நல்லது. இரண்டு ஏணி. இரண்டையும் போட்டவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதில்லை. ஒன்றில் ஒரு படி ஏறினதற்காக இன்னொன்றிலிருந்து அவளை இறக்கிவிட்டார்கள். அந்த வருஷம் காண்ட்ராக்டர் பாக்கியைக் கொடுக்காமல் ஏமாற்றியிருந்தால் என் மருமகள் டாக்டராகியிருப்பாள். இதை நினைத்ததும் எனக்கே பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பொதுப் பட்டியலில் விண்ணப்பித்துக் காத்திருந்தோம். போனில் பார்ப்பதும் வைப்பதுமாக ஆடி போனது. பட்டியல் அவள் மார்க்குக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது.

அவளோடு படித்த ஒரு பெண்ணுக்குக் கோட்டாவில் இடம் கிடைத்தது. இவளைவிடக் குறைந்த மார்க். அந்தப் பெண்ணின் அம்மா இன்றைக்கும் பருத்திக் காட்டில்தான் நிற்கிறாள். அவளுக்கு அரியர் என்று ஒன்று ஒருநாளும் வந்ததில்லை. காலேஜுக்குக் கிளம்பிய அன்று அம்மாவும் மகளும் தகரப் பெட்டியோடும் சுருட்டின பாயோடும் என் பஸ்ஸில் ஏறினார்கள். ஏற்றிவிட வந்திருந்தாள் என் மருமகள். பெட்டியின் ஒரு பக்கக் காதை அவள் பிடித்துத் தூக்கிப் படியில் வைத்தாள்.

"ஏய், மொத ஆட்டுக்கு ஊசி போடறப்ப எனக்குப் போன் பண்ணு. பண்ணலன்னா கொன்னுருவேன்."

"மொத ஊசியே உனக்குத்தான்டி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பஸ் நகர்ந்த பிறகு பின் கண்ணாடியில் பார்த்தேன். மருமகள் அங்கேயே நின்றிருந்தாள். தங்கச்சி என் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி சொன்னாள்: "அவளுக்காவது கெடச்சுதே. அவ அம்மா கையப் பாத்தியா, பருத்திக்காய் கீறிக் கீறி…" சீட்டு கொடு என்று கையை நீட்டினாள். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ். ஆனாலும் சீட்டு கிழித்துத்தான் கொடுக்க வேண்டும்.

மருமகள் சர்க்கார் கலைக் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்தாள். அதே பஸ்ஸில்தான் போகிறாள். ஆனால் பஸ்ஸில் யாரும் டாக்டரம்மா என்று கூப்பிடுவதில்லை. சொல்லிவைத்தாற்போல நிறுத்திவிட்டார்கள். "வா பாப்பா", "உக்காரு பாப்பா." இரக்கத்தில்தான் நிறுத்தினார்கள். அந்த இரக்கம் அவள் ஏறும்போதெல்லாம் பஸ்ஸுக்குள் ஒரு காலி இடம் மாதிரி தெரியும். யாரும் உட்கார மாட்டார்கள்.

இந்த வருஷம் மறுபடி கூலி ஏறியது. மறுபடி இழுத்தடிப்பு, மறுபடி அரியர். பள்ளிக்கூடம் திறக்கப்போகிற ஜூன் மாத வெயில். தங்கச்சியோடு வேலை பார்க்கும் சின்னவள் ஒருத்தி, சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, நேற்றுத்தான் கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறினவள் போல ஒரு உற்சாகம் எப்போதும் அவளிடம் உண்டு. அவள் பஸ்ஸில் ஏறியதும் ஏறாததுமாக அறிவித்தாள்.

"எங்க பாப்பா ஆறாவது போவுதுக்கா. வேன் ஸ்கூல்ல சேத்துடலாம்னு இருக்கேன்."

எல்லார் கண்ணும் என் தங்கச்சி பக்கம் போய் வந்தது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பினாள்.

"ஏண்டி, என் மவ கத தெரியும்ல உனக்கு?"

"தெரியும்க்கா. அதுக்காக? எல்லாரும் டாக்டருக்கா போறாங்க? நாலு வார்த்த இங்கிலீஷ் பேசுனா வேண்டாம்ங்குதா?"

"இங்கயும் நல்லாத்தான் சொல்லித்தராங்க. எங்க அண்ணன் படிச்சதும் சர்க்கார் பள்ளிக்கூடந்தான், இப்ப சர்க்கார் வேலையில இல்ல?"

சின்னவள் என்னைப் பார்த்தாள். விடவில்லை. "உங்க அண்ணன் படிச்சாரு. அவரு மவன எங்க படிக்க வெச்சாரு? கேளுங்க பாப்பம்."

பஸ்ஸே என்னைப் பார்த்தது. டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்தார். என் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். "வேன் ஸ்கூல்லதாம்மா" என்றேன்.

"பாத்தீங்களா? சம்பளக்காரங்க போட்டா ஒண்ணுமில்ல. நாங்க போட்டா மட்டும் குத்தமா?"

என் தங்கச்சி எப்போதோ என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவள் இடத்தில் வேறொருத்தி கேட்டுவிட்டாள்.

அப்போது டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து மருமகள் பேசினாள். "அக்கா, குத்தமே இல்ல. நான் அங்க ஒரு வருசம் படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு மட்டும் கேளுங்க. அடுத்த வருசமும் கட்ட முடியுமா, அதுக்கு அடுத்த வருசமும்? பன்னெண்டு வரைக்கும் முடியும்னா போடுங்க. பாதியில எடுக்கறதா இருந்தா இப்பவே போடாதீங்க. பாதி இங்க பாதி அங்கன்னு இருக்கறவங்களுக்குத்தான் எங்கயும் எடம் இல்ல."

குரலில் கசப்பு இல்லை. கல்லில் உட்கார்ந்து பாடம் ஒப்பிப்பது போலத்தான் சொன்னாள். சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தாள். அந்தக் கணக்கை நான் அறிவேன்; பஸ்ஸில் எல்லோரும் அறிவார்கள்.

ஆலை கேட் நெருங்கியது. பெண்கள் துண்டை உதறித் தலையில் கட்டினார்கள். சின்னவள் படியில் ஒரு காலை வைத்துவிட்டு, ஏதோ நினைவு வந்தவளாகத் திரும்பினாள்.

"பள்ளிக்கூடம் கெடக்கட்டும், ரெண்டு நாள் டைம் இருக்கு. எங்க ஆட்டுக்குட்டி காலையிலேருந்து வயிறு உப்பிக் கெடக்கு டாக்டரம்மா, என்ன பண்ணட்டும்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கச்சி கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

மருமகள் கேட்டாள்: "எந்தப் பக்கம் உப்பியிருக்கு? எடது பக்கமா? காலையில என்ன தின்னுச்சு?"

"பச்ச மக்காச்சோளத் தட்டக் கடிச்சிருச்சு."

"நீங்களா ஒண்ணும் ஊத்தாதீங்க. வூட்டுக்குப் போன் பண்ணி ஒடனே மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவச் சொல்லுங்க. அந்த டாக்டரம்மா எட்டு மணிக்கெல்லாம் வந்துடுவாங்க. நான் அனுப்புனேன்னு சொல்லச் சொல்லுங்க."

"சரி டாக்டரம்மா" என்றாள் சின்னவள். இந்த முறை தெரிந்தே சொன்னாள்.

தங்கச்சி கடைசியாக இறங்கினாள். இறங்கும்போது மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. எது முந்தியது என்று சொல்ல முடியாது. கேட்டுக்கு அந்தப் பக்கம் மரங்கள் வெளுத்துப்போய் வரிசையாக நின்றிருந்தன. பெண்கள் குழாயைத் தேடி நடந்தார்கள். டிரைவர் பின்னால் திரும்பி, போகலாமா என்பது போலப் பார்த்தார். கல்லூரிக்கு நேரமாகிவிட்டது. விசில் கொடுத்தேன்.